அப்பாவின் கேஸ் ஷீட்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு பீரோவுக்கு மேல் ஒரு கட்டைப்பை இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுத்த கடையில் கொடுத்தது. அப்பா, அம்மா இரண்டு பேருடைய வைத்தியமும் 2009-லிருந்து அதற்குள்தான் கிடக்கிறது. மங்கிப்போன ஈசிஜி தாள்கள், எக்ஸ்ரே கவர்கள், லேப் ரிப்போர்ட்டுகள், யார் எழுதியது என்றே தெரியாத மருந்துச் சீட்டுகள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பை கூடவே போகும். ஆட்டோவில் அம்மா அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார்.

நான் இங்கிலாந்துக்குப் போய் 14 வருடம் ஆகிறது. அங்கே என் மருத்துவக் காகிதம் எதுவும் என் கையில் இல்லை. எல்லாம் குடும்ப டாக்டரின் கணினியில். ரத்தப் பரிசோதனை முடிவு அங்கத்திய அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஆப்பில் வந்துவிடும். முழுப் பதிவும் வேண்டுமென்றால் கேட்டால் போதும். பொதுவாக ஒரு மாதத்துக்குள் காசு வாங்காமல் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தப் பையைப் பார்த்து, "இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

இந்த முறை யோசிக்க வேண்டி வந்தது. மார்கழிக் கடைசியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. தம்பி ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் சேர்த்து, ஆஞ்சியோ செய்து, ஒரு ஸ்டென்ட் வைத்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. பொங்கலுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். நேரத்தோடு சேர்த்து, நேரத்தோடு ஸ்டென்ட் வைத்து அப்பாவைக் காப்பாற்றிய மருத்துவமனை அது. அந்த நன்றி எனக்கு நிறையவே இருக்கிறது. கீழே எழுதுவதை அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்த அன்று மாலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அப்பாவிடம் "எப்படி சார் இருக்கீங்க, நல்லா இருக்கீங்க" என்று கேள்வியையும் பதிலையும் அவரே சொல்லிவிட்டு, என்னையும் தம்பியையும் வெளியே கூப்பிட்டார். வராந்தாவில் வைத்து, இன்னொரு ரத்தக்குழாயிலும் அடைப்பு இருக்கிறது, சில வாரம் கழித்து அதற்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கும், இப்போதைக்கு அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தம்பி தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

உள்ளே வந்தால் அப்பா எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 34 வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எந்தப் பையன் வீட்டுக்கணக்கு செய்யவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "என்ன சொன்னார்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "ஏம்மா, என் நெஞ்சைப் பத்தி எனக்குத்தானே சொல்லணும்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இங்கிலாந்தில் என் கணவரின் ரத்தப் பரிசோதனை முடிவை நான் போன் செய்து கேட்டால், "அவரையே பேசச் சொல்லுங்கள்" என்றுதான் வரும். அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டு இத்தனை வருடம் வாழ்ந்துவிட்டு, ஊரில் கால் வைத்த முதல் நாளே அப்பாவின் விஷயத்தை அப்பாவிடமே மறைக்க நானும் ஒத்துக்கொண்டிருந்தேன். இந்திய உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி 2008-லேயே பேசியிருக்கிறது. சமீரா கோலி வழக்கு. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையை எடுத்துவிட்டார்கள். நினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயது வந்த ஒருவருக்கு உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அவருடைய சம்மதம்தான் செல்லும், அம்மாவின் சம்மதம் போதாது என்று தீர்ப்பானது. சம்மதம் கொடுக்க வேண்டியவர் அப்பா என்றால், தெரிந்துகொள்ள வேண்டியவரும் அப்பாதானே. மறுநாள் காலை டாக்டரிடம், "அப்பாவிடமே சொல்லிவிடுங்கள் சார், அவர் தாங்குவார்" என்று கேட்டுக்கொண்டேன். சொன்னார். அப்பா ஒரு காகிதம் கேட்டு, இதயத்தின் மூன்று குழாயையும் வரையச் சொல்லி, எங்கே எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொண்டார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார் என்று தம்பி சொன்னான்.

இரண்டாவது ஸ்டென்ட்டுக்கு முன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடலாம் என்று சொன்னது அப்பாதான். அதற்கு ஆஞ்சியோ சிடி வேண்டும், உள்நோயாளியாக இருந்த நாட்களின் முழுக் குறிப்பான கேஸ் ஷீட் வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று எங்கள் கையில் கிடைத்தது மூன்று பக்கச் சம்மரியும் பில்லும்தான். பில் 11 பக்கம்.

மருத்துவப் பதிவுகளை வைத்திருக்கும் எம்.ஆர்.டி. பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "சிடி பணம் கட்டினா தருவோம் மேடம். கேஸ் ஷீட்டெல்லாம் பேஷன்ட்டுக்குக் கொடுக்கிறதில்லை. அது ஆஸ்பத்திரி ப்ராப்பர்ட்டி." இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டால்? "அவங்களுக்கு அனுப்புவோம்." அதே கேஸ் ஷீட்தான். காப்பீட்டுக் கம்பெனியில் முகம் தெரியாத ஒருவர் அப்பாவின் ராத்திரி ஜுரம் வரை படிக்கலாம். அப்பா படிக்கக் கூடாது.

அந்தப் பையன் சொன்னதில் பாதி சரி. மூலக் காகிதம் மருத்துவமனையிடம்தான் இருக்கும். அதன் நகல் நோயாளியின் உரிமை. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் வருடத்து ஒழுங்குமுறைகளில் பிரிவு 1.3.2 இதை நேரடியாகவே சொல்கிறது: நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்த உதவியாளரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். மறுப்பது மருத்துவரின் நடத்தைக் குற்றம் என்று பிரிவு 7.2 சொல்கிறது. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன. அதே மாதம் அவற்றை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆகவே 2002 விதிகள்தான் நடப்பில் இருக்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தை 2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பியது. அதிலும் டிஸ்சார்ஜ் ஆன 72 மணி நேரத்துக்குள் நகல் என்றுதான் இருக்கிறது. சாசனம் தனியாகச் சட்டம் ஆகாது. ஆனால் கவுன்ட்டரில் நின்று பேசும்போது அதன் பெயரைச் சொல்வதற்கு ஒரு கனம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினோம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘நான் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். என் உள்நோயாளி எண் இது. கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், மருந்து கொடுத்த அட்டவணை, ஆய்வு முடிவுகள், ஆஞ்சியோ பதிவு, சம்மதப் படிவங்கள் ஆகியவற்றின் நகல் எனக்குத் தேவை. 2002 ஒழுங்குமுறைகள் பிரிவு 1.3.2-ன்படி 72 மணி நேரத்துக்குள் தரக் கேட்டுக்கொள்கிறேன். நகல் கட்டணம் செலுத்துகிறேன். என் சார்பில் பெற்றுக்கொள்ள என் மகளுக்கு அதிகாரம் அளிக்கிறேன்.’ கீழே அப்பாவின் கையெழுத்து, ஆதார் நகல். எதற்காக என்று காரணம் எழுதவில்லை. காரணம் கேட்க அவர்களுக்கு இடமில்லை. என்னென்ன வேண்டும் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதியது நல்லதாகப் போயிற்று. ‘மருத்துவப் பதிவுகள்’ என்று மொத்தமாக எழுதியிருந்தால் அதே சம்மரியை இன்னொரு தடவை பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருப்பார்களோ என்னவோ.

இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியும் சீலும் போட்டுத் தரச் சொன்னேன். சீல் போட அரை மணி நேரம் யோசித்தார்கள். மேலாளர் வந்தார். "ஏதாவது கம்ப்ளெயின்ட்டா மேடம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பயம் இருந்தது. கேஸ் ஷீட் கேட்கிறவர்கள் வழக்குப் போடத்தான் கேட்கிறார்கள் என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள். இரண்டாவது கருத்துக்காக என்று நானாகவே சொன்னேன்; அவர் முகம் தெளிந்தது. மூன்றாம் நாள் மதியம் 112 பக்கம், பக்கத்துக்கு 5 ரூபாய். ரசீதும் கொடுத்தார்கள்.

தரவே இல்லை என்றால் மாநில மருத்துவ கவுன்சிலுக்கும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் எழுதலாம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அந்த 112 பக்கத்தை அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். 67-ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார். நர்ஸ் குறிப்பு. சின்னச் சின்ன நீல எழுத்து, நல்ல கையெழுத்து. ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, சிறுநீரில் கிருமி என்று செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். ராத்திரி 2.10 மணி: இரண்டாவது டோஸ் போட்ட பின் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. ஊசி நிறுத்தப்பட்டது. டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. ஒவ்வாமைக்கான ஏவில் ஊசி போடப்பட்டது. 3 மணி: தடிப்பு குறைகிறது.

"அன்னிக்கு ராத்திரி அரிச்சுது. பெட்ஷீட் ஒத்துக்கலேன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. தம்பி பக்கத்துக் கட்டிலில் அசந்து தூங்கியிருக்கிறான். காலையில் வேறு மருந்துக்கு மாற்றியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது பற்றி ஒரு வரி இல்லை. ஒவ்வாமை என்ற கட்டத்தில் ‘எதுவும் தெரியவில்லை’ என்று அச்சாகியிருந்தது. செஃப்ட்ரையாக்ஸோன் நம் ஊரில் எந்தக் காய்ச்சலுக்கும் சாதாரணமாகப் போடுகிற ஊசி. அடுத்த முறை அது இன்னும் மோசமாகப் போகலாம். அந்த நர்ஸ் ராத்திரி இரண்டு மணிக்கு நிதானமாக உட்கார்ந்து எழுதியதால் எங்களுக்குத் தெரிந்தது. பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு என் வணக்கம்.

அம்மா சிவப்புப் பேனா எடுத்துவந்து மருந்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஃபைலின் மேல் பெரிதாக எழுதினார்.

இதே சூட்டில் 2019-ல் அப்பாவுக்கு நடந்த ஹெர்னியா அறுவை சிகிச்சைக் காகிதங்களையும் கேட்டுப் பார்த்தேன். அது வேறு மருத்துவமனை. அழித்துவிட்டோம் என்றார்கள். கோபப்பட முடியாது, உள்நோயாளிப் பதிவை சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பது அதே 2002 விதி. ஆகவே கேட்க வேண்டியதை அப்போதே கேட்டுவிட வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கும் வழியும் உண்டு.

அப்புறம் மருந்துச் சீட்டு. பையைக் கொட்டி அடுக்கும்போதுதான் பார்த்தேன், அம்மா ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்று பழைய டாக்டர் எழுதியது, இன்னொன்று புது டாக்டர் எழுதியது. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. பின்னால் திருப்பி, பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால் இரண்டிலும் டெல்மிசார்ட்டான் 40. இரண்டு வாரமாக ஒரே மருந்தை இரட்டை அளவில் சாப்பிட்டிருக்கிறார். தலைசுற்றலை வெயிலின் கணக்கில் எழுதியிருக்கிறார்.

மருந்தின் பொதுப் பெயரை, படிக்கிற மாதிரி, முடிந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று அந்த விதிகளிலேயே 2016-ல் திருத்தம் வந்தது. நான் இந்தப் பயணத்தில் பார்த்த ஐந்து சீட்டில் ஒன்றில்தான் பொதுப் பெயர் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். டோலோ 650 என்றால் நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். இங்கிலாந்துப் பார்மசியில் பாராசிட்டமால் என்றால்தான் புரியும். அதனால் இந்த முறை டாக்டரிடம், "சார், பொதுப் பேரையும் பக்கத்தில எழுதிடுங்க, இங்கிலாந்துக்கு வந்தா அங்கயும் காட்டணும்" என்றேன். ஒரு டாக்டரும் முகம் சுளிக்கவில்லை. கேட்டால் எழுதுகிறார்கள். நம் ஆட்கள் கேட்பதில்லை.

மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும் என்று எங்களிடம் சொன்னார்கள். கட்டாயம் இல்லை. மருந்தையும் பரிசோதனையையும் எங்கே வாங்குவது, எங்கே செய்வது என்பது நோயாளியின் விருப்பம் என்று அந்தச் சாசனம் சொல்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இது பற்றிய வழக்கில், மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. மாத மாத்திரையை நாங்கள் வெளியே, விலை குறைவான முதல்வர் மருந்தகத்தில் வாங்கினோம். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. விலை குறைந்தால் விடாமல் வாங்குவார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. தெருமுனை மெடிக்கலில் அம்மா சீட்டே இல்லாமல் தூக்க மாத்திரை வாங்குகிறார். "பழகின கடைப்பா" என்கிறார். அந்த மாத்திரை அல்பிரசோலம்; சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச்-1 மருந்து. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிற விதி. இந்தக் கட்டுப்பாடு நம்மைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அம்மாவிடம் இரண்டு நாள் வாதாடி, ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் மெதுவாகக் குறைக்க வழி கேட்டேன்.

அந்தரங்கம் பற்றி எழுத எனக்கு மனசு கனக்கிறது. சித்தி மகளுக்குத் துணையாக ஒரு கருத்தரிப்பு கிளினிக்குக்குப் போயிருந்தேன். ஹாலில் 30 பேர் இருப்பார்கள். கவுன்ட்டர் பெண் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "இதுக்கு முன்னாடி எத்தனை அபார்ஷன்மா?" அவள் எழுந்து கவுன்ட்டருக்குப் போவதற்குள் இரண்டாவது தடவையும் கேட்டார். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி எல்லாரும் பார்த்தார்கள். உள்ளே போனால் டாக்டர் அறையில் ஏற்கனவே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் இன்னொருவர் வாசலில் நின்றார். நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று பிரிவு 7.14 டாக்டருக்குச் சொல்கிறது. கவுன்ட்டரில் உட்காருகிறவருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு சின்னக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னால் போதும். பைசா செலவில்லை. வெளியே வந்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குத்தான்க்கா நான் தனியா வர்றதே இல்ல" என்றாள். இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

லேப் ரிப்போர்ட்டுகள் இப்போது வாட்ஸ்அப்பில் அன்று சாயங்காலமே வந்துவிடுகின்றன. இங்கிலாந்தில் நான் நாள் கணக்கில் காத்திருப்பேன். இந்த வேகம் உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் அம்மாவின் ரிப்போர்ட் எதிர்வீட்டு மாமாவுக்குப் போயிருந்தது. எப்போதோ அவர் போனிலிருந்து பேசியதால் அந்த எண்ணையே பதிந்து வைத்திருந்தார்கள். மாமா நல்ல மனிதர், கொண்டுவந்து காட்டினார். வேறு யாராவதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லேபில் எண்ணை மாற்றச் சொன்னேன். இரண்டு நிமிட வேலை. மருத்துவமனை கவுன்ட்டரில் அப்பாவுக்கு ஆபா எண், அதாவது மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண் போட ஆதார் ஓடிபி கேட்டு வாங்கியிருக்கிறார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. 14 இலக்க எண் அது, கட்டாயமில்லை. ஒரு மருத்துவமனையின் பதிவை இன்னொன்று பார்க்க உங்கள் ஒப்புதல் வேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. அதைச் சொல்லிவிட்டு ஓடிபி கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. அவை முழுதாக நடப்புக்கு வர அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை எண்ணைச் சரிபார்ப்பது நம் வேலை.

ஆஞ்சியோ சிடியோடு சென்னைக்குப் போய் இன்னொரு இதய மருத்துவரைப் பார்த்தோம். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதவில்லை. இதையெல்லாம் எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டபோது, "ஊசி வரைக்கும் எழுது, நாலு பேருக்கு உதவும். அதுக்கு மேல வேண்டாம்" என்றார்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவுக்கு இருமலும் லேசான ஜுரமும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் டாக்டர் இன்னும் வரவில்லை. கம்பவுண்டர் டெம்பரேச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைப்பை வீட்டிலேயே இருந்தது. அப்பா கையில் சிவப்பு எழுத்துப் போட்ட ஃபைல் மட்டும். கம்பவுண்டர் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அதை மேசையில் அவர் பக்கம் திருப்பி வைத்து, விரலை அந்த எழுத்தின் மேல் வைத்து, கரும்பலகை முன்னால் நிற்கிற அதே குரலில் அப்பா சொன்னார்: "தம்பி, இதை மொதல்ல படிங்க."